களத்தைத் தின்ற காடு

கல்யாணமாகி அனுமந்தன்பட்டிக்கு வந்த மறுநாள் காலையில், முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனவள் பின்வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கே ஒன்றுமே இல்லை. வாசற்படியிலிருந்து கிளுவை வேலி வரைக்கும் சாணி மெழுகிய களம் பளபளவென்று கிடந்தது. ஒரு புல் கிடையாது. இந்த ஓரத்தில் கிணறும் துவைகல்லும், அந்த ஓரத்தில் மாட்டுக்கொட்டம். நடுவில் என் மாமனார் குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த களத்தை மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு காய்ந்த இலை பறந்துவந்து விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்து, வேலிவரை நடந்துபோய், வெளியே போட்டுவிட்டு வந்தார்.

"நல்லா இருக்கா ஆத்தா நம்ம களம்?"

"நல்லா இருக்கு மாமா" என்றேன். புதுப்பெண் வேறென்ன சொல்ல முடியும்?

நான் பிறந்து வளர்ந்தது கம்பத்துக்கு மேலே, மலையாளம் பேசும் மலையில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பூர்வீகம் இந்தப் பள்ளத்தாக்குதான். அப்பாவுக்கு ஏலத்தோட்டத்தில் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். எங்கள் குடிசை முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது, இலைதான் தெரியும். ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே தோகை விரித்து நிற்கும். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறும். ஓடைக்கரையில் சேம்பு இலை ஒவ்வொன்றும் யானைக்காது போலத் தொங்கும். மழை வந்தால் ஒன்றை ஒடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவோம். அந்தப் பச்சைக்குள்ளே எங்கேயாவது ஒரு சிவப்புப் பூ திடீரென்று எரியும்.

கீழே வந்தபிறகு கண்ணை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். மாமனாரும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். இரண்டு பேரும் அதிர்ந்து பேசாதவர்கள். 'பாருங்க' என்று சொல்லவேண்டிய இடத்தில் என் வாயில் 'நோக்குங்க' என்று மலையாளம் வந்துவிடும்; தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள், இவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஆனாலும் வேலை முடிந்து பின்வாசலில் வந்து நின்றால் வெயில்தான் எதிரே உட்கார்ந்திருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு வண்டித் தொழில். மலைமேல் பெரிய ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளத்தாக்கில் இருந்த மாட்டுவண்டிகளில் பாதி அந்த வேலைக்குத்தான் ஓடின. இவரும் அரிசியும் சுண்ணாம்பும் ஏற்றிக்கொண்டு குமுளி மலைக்குப் போவார். திரும்பி வரச் சில சமயம் பத்து நாளும் ஆகும். ஒருமுறை கிளம்புவதற்கு முன்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன புள்ள, முகமே சரியில்ல? என்ன வேணும் சொல்லு, வரும்போது வாங்கியாரேன். சேலையா, வளையலா?"

"எறங்கி வாறப்ப வண்டியில என்ன பாரம் இருக்கும்?"

"பாரம் ஏது? நானும் கொஞ்சம் வைக்கோலும்தான்."

"அப்ப வண்டி நெறையக் காட்டை ஏத்திட்டு வாங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "நெசமாவா?" என்றார். "பெரிய பெரிய இலையா இருக்கணும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் திரும்பி வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஓட்டுகிறவர் வண்டியில் இல்லை. வண்டிக்கு நன்றாகத் தள்ளி நடந்து வந்தார். இரண்டு கையாலும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தார். மாடுகள் வாலைச் சுழற்றி, காலை உதறி, வீட்டுக்கு வந்தால் போதும் என்று வந்தன. வண்டி நிறையப் பச்சை. கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"மாதாவே! இது காஞ்சொறியாச்சே!"

"இலை பெருசா, வடிவா இருந்துச்சு புள்ள. நீ பெரிய இலைதானே கேட்ட?"

தொட்டாலே உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழுப்பும் செடி அது. மலையில் பிறந்த பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் முன்பே அதற்கு ஒதுங்கக் கற்றுக்கொள்ளும். இவர் அதை மடி நிறைய அணைத்து அணைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது, சிரிப்புதான் முந்திக்கொண்டது. கல்யாணமாகி வந்தபிறகு அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவரும் சொறிந்துகொண்டே சிரித்தார். மாமனார் உள்ளே போனார். சாணியை மோரில் கரைத்து எடுத்துவந்து, மகனின் கை, கழுத்து, முதுகு எல்லாம் பூசினார். களத்தை மெழுகுகிற அதே கை, அதே பக்குவம்.

காஞ்சொறியைக் கவைக்கம்பால் தள்ளிவிட்டுப் பார்த்தபோது அடியில் உண்மையாகவே காடு இருந்தது. மண்ணோடு பெயர்த்த சேம்புக் கிழங்கு, ஏலத்தூர் கொஞ்சம், பாறையிடுக்கில் வளரும் பெரணி, ஒரு கூந்தல்பனைக் கன்று.

இவற்றை வைக்க இடம் வேண்டுமே. மாமனாரிடம் கேட்கத் தயங்கி நின்றேன். அவரே ஒரு முளைக்குச்சியும் கல்லும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"செடி வைக்கிறதுன்னா வச்சுக்க ஆத்தா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நெல்லு காயப்போட எனக்கு எடம் வேணும்." துவைகல்லுக்குச் சற்றுத் தள்ளிக் குச்சியை அடித்தார். "இதுக்கு அங்கிட்டு ஒனக்கு, இங்கிட்டு எனக்கு. ஒன் காடு இதைத் தாண்டப்படாது."

தாண்டுவதாவது. கொண்டுவந்ததெல்லாம் பங்குனி வெயிலில் கருகிப்போயிற்று. காலையில் நிமிர்ந்து நிற்கும் சேம்பு மத்தியானம் ஈரத்துணி போலச் சரிந்து கிடக்கும். ஏலத்தின் இலை நுனி பழுத்து, பிறகு நடு பழுத்து, பிறகு மொத்தமும் வைக்கோலானது. மாமனார் தினமும் அந்த இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் அப்படி ஒருநாள் இலைகளை அள்ளும்போதுதான் எனக்கு மலைக்காட்டின் தரை ஞாபகம் வந்தது. அங்கே யாரும் இலையைக் கூட்டுவதில்லை. உதிர்ந்தது உதிர்ந்த இடத்தில் கிடந்து மக்கி, காலை வைத்தால் மெத்தைபோல் அமுங்கும். ஒரு செடியும் அங்கே வெட்டவெளியில் தனியாக நிற்பதுமில்லை. உயரமானது குடை பிடிக்கும், நடுத்தரமானது அதன்கீழ் நிற்கும், சின்னது அதற்கும் கீழே ஒண்டிக்கொள்ளும். நானோ குடையில்லாமல் செடியை மட்டும் கொண்டுவந்து வெயிலில் நிறுத்தியிருந்தேன்.

"மாமா, அந்த இலையை வெளிய போடாதீக. எனக்குக் குடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனால் கொடுத்தார்.

அடுத்த நடை மலைக்குப் போகுமுன் என் வீட்டுக்காரர் முளைக்குச்சிக்கு அந்தப் பக்கம் முழுவதையும் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிக் கொடுத்தார். கடப்பாரை போட்ட இடத்திலெல்லாம் டங்கென்று சத்தம். அத்தனை காலமாக மிதித்து மெழுகிய தரை. பள்ளத்தில் கொட்டத்துக் குப்பை, நைந்த வைக்கோல், கண்மாய்க்கரையில் பொறுக்கிய சருகு எல்லாம் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினோம். துவைக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், மாடு கழுவுகிற தண்ணீர் மூன்றும் ஒரே வாய்க்காலில் அங்கே போய்ச் சேரும்படி கீறிவிட்டோம். முதலில் குடைதான் வைத்தேன். வாழை, அகத்தி, முருங்கை. பள்ளத்தாக்கில் அவை எங்கும் கிடைக்கும், போட்ட இடத்தில் முளைக்கும். அவற்றுக்கு நடுவே இடம் விட்டுக் காத்திருந்தேன்.

வாழை என் இடுப்புயரம் வந்தபோது ஆடிக்காற்று வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மேற்கே மலை இடைவெளியில் புகுந்து, ஊரைத் துடைத்துக்கொண்டு போகும். ஓலைக்கூரை பறக்கும், பேசுகிற பேச்சு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். என் வாழை இலைகள் எல்லாம் நார்நாராகக் கிழிந்து தொங்கின. இரண்டு மரம் குப்புற விழுந்தது. நான் பின்வாசலில் உட்கார்ந்து அழாத குறை.

வண்டி அந்த முறை மூங்கில் ஏற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்கவில்லை, காற்று அடிப்பதைப் பார்த்து அவரே வெட்டிவந்திருந்தார். வேலியோரம் மேற்குப் பக்கம் முழுக்க மூங்கில் தட்டி கட்டினார். மாமனார் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கட்டி முடித்ததும், "நெல்லுக்கும் நல்லதுதான். தூத்தும்போது பதரு கண்ணுல விழாது" என்றார். ஏன் பிடித்தார் என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

தட்டி வந்தபிறகுதான் காடு காடாயிற்று. மறுபடியும் சேம்பும் ஏலமும் கூந்தல்பனைக் கன்றும் வந்தன. இந்த முறை வாழை நிழலில் வைத்தேன், அசையாமல் நின்றன. கீழே மஞ்சளும் பெரணியும். முருங்கையில் மிளகுக்கொடியை ஏற்றினேன். பச்சை நன்றாக அடர்ந்ததும் எனக்குச் சிவப்பு வேண்டும் என்று ஆசை வந்தது. மலையில் துரைகள் தங்கும் பங்களாத் தோட்டக்காரர் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். அவரிடம் கல்வாழைக் கிழங்கு கேட்டு வாங்கி வந்தார், சிவப்பு ஒன்று, மஞ்சளில் செம்புள்ளி தெளித்தது ஒன்று. பிறகு இலையே பூப்போல இருக்கும் குரோட்டன்ஸ். எங்கள் தெருவில் அது 'கொரட்டான்' ஆகிவிட்டது.

எதையும் நான் வரிசையில் வைக்கவில்லை. பார்க்க வருகிற பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "பாத்தி எங்கடி?" என்றுதான். அடுக்களையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் எங்கே இருட்டாகத் தெரிகிறதோ, அங்கே ஒரு சிவப்பை வைப்பேன். கரும்பச்சை ஏல இலைகளுக்கு நடுவே கல்வாழை பூத்தால் யாரோ விளக்கை ஏற்றிக்கொண்டு உள்ளே நிற்பதுபோல இருக்கும். அடுக்குச் செம்பருத்தியும் அந்திமந்தாரையும் வைத்தேன். வேலியில் கண்வலிக்கிழங்கு தானாகவே ஏறி, தீக்கொழுந்துபோல் பூத்தது. ஓரத்தில் கோழிக்கொண்டையையும் காசித்தும்பையையும் கைக்கு வந்தபடி தூவிவிட்டேன். அதுகள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் முளைத்தன.

செடிகளுக்கு முளைக்குச்சி தெரியுமா? கல்வாழை மண்ணுக்குள்ளேயே நடந்துபோய், குச்சிக்கு இந்தப் பக்கம், களத்தின் மெழுகு வெடிக்க ஒரு குருத்தை நீட்டியது. நான் பார்த்துவிட்டேன். மாமனார் பார்ப்பதற்குள் வெட்டியெடுத்து உள்பக்கம் நட்டுவிடவேண்டும் என்று மறுநாள் விடிந்ததும் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குருத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் எழுந்து, நாலடி தள்ளிப் போய், குச்சியை அங்கே ஊன்றி, கல்லால் சத்தமில்லாமல் தட்டினார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"கரையான் அரிச்சிருச்சு" என்றார், குச்சியைக் காட்டி. "அதான் மாத்தி ஊண்டுனேன்."

"சரி மாமா" என்றேன்.

அதற்கப்புறம் அந்தக் குச்சியை அடிக்கடி கரையான் அரித்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் எங்கள் காட்டைக் கண்டால் ஆகாது. பாம்பு வரும் என்பது அவர் கட்சி. ஒருநாள் அவருடைய அடைக்கோழி காணாமல் போயிற்று. மூன்று வாரமாகத் தெருவெல்லாம் தேடிவிட்டு, கையில் கம்போடு எங்கள் கொல்லையில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"ஏன்டி, மலைப்பாம்பையும் வண்டியில ஏத்திட்டு வந்தானா ஒன் புருசன்? என் கோழியை முழுங்கிட்டுக் கெடக்கும், உள்ள பாரு!"

மாமனார் கொட்டத்திலிருந்து வந்தார். "கத்தாத. உள்ள போயித் தேடுவோம்" என்று இலைகளை விலக்கிக்கொண்டு நுழைந்தார். அக்கா கம்பை ஓங்கியபடி பின்னால், நான் அவருக்குப் பின்னால். பெரிய சேம்புத் தூருக்கு அடியில் சருகு அசைந்தது. அக்கா 'ஐயோ சேசுவே' என்று என்மேல் சாய்ந்தார். சருகுக்குள்ளிருந்து கோழி தலையை நீட்டியது. கொக்கரித்துக்கொண்டு எழுந்தது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன, ஈரம்கூடச் சரியாகக் காயாத குஞ்சுகள். அக்கா கம்பைக் கீழே போட்டார். பிறகு முந்தானையை விரித்துக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டார்.

"இவ்வளவு நாளா வீட்டுல அடை வச்சு ஒண்ணும் உருப்படியாப் பொரிக்கல" என்றார் கொஞ்சம் கோபமாகவே, கோழியைப் பார்த்து. கம்பை எங்கள் கொல்லையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதில் மாமனார் ஒரு மிளகுக்கொடியை ஏற்றிவிட்டார்.

மூன்றாம் வருஷம் நான் உண்டாகியிருந்தேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதுதானே முறை. ஆனால் மலையில் அந்தக் கோடையில் காய்ச்சல் பரவியிருந்தது. அப்பாவே சொல்லி அனுப்பிவிட்டார், பிள்ளை மேலே வரவேண்டாம், அம்மா இறங்கி வருவாள் என்று. எங்கள் வீட்டில் அதிகம் பரபரத்தது மாமனார்தான். சம்பந்தியம்மாள் மலையில் வாழ்ந்தவள், காட்டை அறிந்தவள், அவள் கண்ணுக்கு நம் தோட்டம் எப்படித் தெரியுமோ என்று அவருக்கு ஒரே கவலை. பழுத்த இலைகளைக் கிள்ளினார். சேம்பு இலைகளில் படிந்த தூசியைத் தண்ணீர் தெளித்துக் கழுவினார். கல்வாழை அந்த வாரம் பூக்கவேண்டுமே என்று வாய்விட்டே சொன்னார்.

என் வீட்டுக்காரர் வண்டியில் அம்மா வந்து இறங்கினாள். என்னைக் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தடவி, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மாமனார் பின்வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க தங்கச்சி. ஒங்க மக செஞ்சிருக்கதை வந்து பாருங்க."

அம்மா வந்து பார்த்தாள். வாழை, கூந்தல்பனை, ஏலத்தோகை, மிளகு ஏறிய முருங்கை, நடுநடுவே எரிகிற சிவப்பு என்று எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் விழுந்துபோயிற்று.

"அண்ணே, இங்கனயும் காடா?"

மாமனாருக்குப் புரியவில்லை.

"நான் காட்டுல இருந்து தப்பிச்சு வந்திருக்கேன் அண்ணே. அங்கன துணி காயாது, வெறகு காயாது, நானும் காஞ்சதில்ல. மழை விட்டா அட்டை, அட்டை விட்டா மழை. கல்யாணத்துக்கு வந்தப்ப ஒங்க களத்தைப் பாத்துட்டுப் போனேன். அம்புட்டு வெயிலு, அம்புட்டுச் சுத்தம். பேறு பாக்கப் போறப்ப அங்கன காலை நீட்டி உக்காந்து தலையைக் காயவைக்கணும்னு மேல எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன். களம் எங்க?"

களம் மாட்டுக்கொட்டத்தோரம் ஒரு பாயளவுக்கு மிச்சம் இருந்தது. மாமனார் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய்க் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிவந்து அந்த மிச்சத்தில் போட்டார். அம்மா அதில் உட்கார்ந்து, காலை நீட்டி, முடியை விரித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு சுகமான முகத்தை நான் மலையில் பார்த்ததில்லை.

அதோடு விட்டாளா? மறுநாள் அரிவாளும் கையுமாக நின்றாள், கட்டிலைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெயில் வேண்டும் என்று. மாமனார் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அதை வெட்டாதீக தங்கச்சி. நாளைக்குப் பூக்கும்."

"அப்ப இது?"

"குருத்து விடுதே, தெரியல?"

"இந்த ஏலம்? சரம் விட்டிருக்கா, காய் இருக்கா? இந்தச் சூட்டுல ஒரு நாளும் காய்க்காது. இதுக்கா இம்புட்டுத் தண்ணி ஊத்துறீக?"

"காய்ச்சாத்தான் செடியா?" என்றார் மாமனார்.

நான் அடுக்களையில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். ஒரு காய்ந்த இலை விழுந்தால் வேலிவரை நடந்த மனிதர் அவர். கடைசியில் ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போயிற்று. கண்வலிக்கிழங்கு விஷம், குழந்தை தவழப்போகிற வீட்டில் வேண்டாம் என்றாள் அம்மா. மாமனார் அன்றே அதைத் தோண்டி, ஊருக்கு வெளியே வயல் வேலியில் கொண்டுபோய் ஊன்றினார்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. கோவிலில் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்த அன்று வீட்டில் விருந்து. ஆனி மாதம். காலையில் வெயில் பளிச்சென்று இருந்ததால், அம்மாவின் களத்தில் பாய் விரித்து ஆட்களை உட்காரவைத்தார்கள். இடம் போதாமல் மற்றவர்கள் வாழைக்கடியிலும் ஏலத்துக்குள்ளும் உட்கார்ந்து, பாத்தி இல்லாத காட்டுக்குள் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பாதிப் பந்தியில் மேற்கே மலை மறைந்தது. சாரல் வந்துவிட்டது. களத்தில் இருந்தவர்கள் எல்லாம் சோற்றிலையோடு எழுந்து செடிகளுக்குள் ஓடினார்கள். உள்ளே மழை விழவே இல்லை. இலைக்கூரையின்மேல் சடசடவென்று சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா வாழைமரத்தைக் கட்டிப்பிடித்தபடி பாயசம் குடித்தார்.

அம்மா கட்டிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓட நேரமில்லை. கையை நீட்டி, பக்கத்தில் இருந்த சேம்பில் இருப்பதிலேயே பெரிய இலையைச் சட்டென்று ஒடித்துக் குழந்தைக்குமேல் பிடித்தாள். அவள் தலை நனைந்தது, முதுகு நனைந்தது. குழந்தைமேல் ஒரு துளி விழவில்லை. இலையின்மேல் தண்ணீர் வெள்ளி உருண்டையாக ஓடுவதைப் பார்த்துக் குழந்தை கண்ணை அகல விரித்தது. மாமனார் வாழையடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை நாளில் அம்மா அந்தத் தோட்டத்தில் கைவைத்தது அந்த ஒரு இலையில்தான்.

மழை விட்டதும் அம்மா அவரிடம், "செடி நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா எனக்கு வேண்டாம்" என்றாள்.

"நீங்க வெயில்ல உக்காருங்க தங்கச்சி. கட்டிலு அங்கனயேதான் கெடக்கும்" என்றார் அவர்.

அம்மா மலைக்குத் திரும்பிய பிறகு, அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒரு சேதி சொன்னார். அம்மா போன கையோடு குடிசை முன்னால் இருந்த புதரையெல்லாம் வெட்டவைத்து, மண்ணைத் தட்டி, சாணி மெழுகி, சின்னதாக ஒரு களம் போட்டிருக்கிறாளாம். தோட்டத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்களாம். "தினமும் கூட்டுறாக புள்ள. ஒரு இலை விழ விடமாட்டேங்கிறாக. ஒங்கப்பா பாவம், மரத்தடியில நின்னுக்கிட்டுப் பீடி குடிக்கிறாக" என்றார். அதைக் கேட்டு மாமனார் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

மகள் தவழ ஆரம்பித்தபோது அவளை வீட்டுக்குள் வைத்திருக்க முடியவில்லை. கதவு திறந்திருந்தால் போதும், பின்வாசலைத் தாண்டி இலைகளுக்குள் போய்விடுவாள். ஒருநாள் காலையில் மாவு ஆட்டிவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். நான் கூப்பிட, மாமனார் கூப்பிட, என் வீட்டுக்காரர் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவர, மூன்று பேரும் இலைகளை விலக்கித் தேடினோம். மஞ்சள் தூர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் சிவப்பு, கன்னமெல்லாம் சிவப்பு. "ஏத்தா, ரத்தம்!" என்று மாமனார் அலறிவிட்டார்.

நான் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். அடுக்குச் செம்பருத்தி. தாழ்ந்த கிளையில் எட்டியதையெல்லாம் பிடுங்கி மென்று, கூழாக்கி, பாதியைத் தின்று மீதியைப் பூசிக்கொண்டிருந்தாள். கையில் இன்னும் ஒரு முழுப்பூ இருந்தது. தாத்தாவைப் பார்த்ததும் சிரித்து, அதை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். நீட்டினதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை போலும். ஒரு இதழைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி மாமா இருக்கு?" என்றேன்.

"கொழகொழன்னு இருக்கு" என்றார். இன்னொரு இதழைக் கிள்ளினார்.